பாய்க்கு விலை எழுதின கதை

பிசான நடவு முடிஞ்சு போன வாரம்தான் கொஞ்சம் கை ஓய்ஞ்சது. கன்னடியன் கால்வாயில் தண்ணி தட்டில்லாம வருது. வயலை இப்போதைக்கு மழையும் கொக்கும் பார்த்துக்கிடும். அதனால ஒரு பழைய கதையை உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சிருக்கு.

இதை எழுத வச்சது பத்தமடை அக்காதான். எங்க ஊருக்கும் பத்தமடைக்கும் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். எங்க அப்பா காலத்தில் வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த கோரையை அறுத்து அக்காவோட வாப்பாவுக்குக் கொடுப்பாங்க. அவங்க அதுக்கு ஈடா வருஷத்துக்கு ஒரு பாய் கொடுப்பாங்க. அந்தப் பழக்கம் ரெண்டு தலைமுறையா ஓடுது. அக்காவுக்கு இப்போ அறுபதைத் தாண்டிருச்சு. இன்னும் தறியில் உட்கார்ந்து நெய்யுறாங்க.

போன வாரம் ஒரு கடுதாசியோட வந்தாங்க. மார்கழியில் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. அதில் அக்காவுக்கு ஒரு கடை ஒதுக்கியிருக்காங்க. என்னென்ன பொருள், எத்தனை உருப்படி, என்ன விலைன்னு பட்டியல் எழுதி முன்கூட்டியே அனுப்பணுமாம்.

"தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்கும்லா. இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்றார்கள்.

பெரிய பாய்கள் ஏழு. அதுல ரொம்ப நைஸான பட்டுப்பாய் மூணு. மேஜை மேல விரிக்கிற சின்னப் பாய், கைப்பை, பென்சில் பை எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது உருப்படி. பொருள் பேரை எல்லாம் கால் மணி நேரத்தில் எழுதிட்டேன். விலைக்கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுபோச்சு.

"எவ்வளவுக்கா போடட்டும்?"

"ஏவாரி ஏழாயிரம் கேக்காரு, பட்டுப்பாய்க்கு. அதையே போட்டுருவோமா?"

இந்த இடத்தில்தான் எனக்குச் சங்கடமா ஆயிருச்சு. ஏன்னு சொல்லணும்னா பாயோட கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

பத்தமடைங்கிற பேரை நீங்க ரெண்டு வகையில் கேட்டிருப்பீங்க. ஒண்ணு, ரிஷிகேசத்தில் ஆசிரமம் வச்ச சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். இன்னொண்ணு பாய். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டில், சேரன்மகாதேவிக்கு முன்னாடி இருக்கிற ஊர். தாமிரபரணி ஆத்தோரத்திலும் வாய்க்கால் கரையிலும் முளைக்கிற கோரைதான் மூலப்பொருள். நெய்யுறவங்க பெரும்பாலும் லெப்பைமார் குடும்பங்கள். அதிலும் பெண்கள்தான் அதிகம்.

பாய் என்றால் கோரையை வெட்டி நெய்ஞ்சா போதும்னு பட்டணத்தில் நினைக்கிறாங்க. சாதாரணப் பாய்க்கு அது ஓரளவு சரி. பட்டுப்பாய்க்கு அப்படி இல்லை. கோரையைப் பச்சையா அறுத்து, வெயில்ல காயவச்சு, ஓடுற தண்ணியில் நாள் கணக்கா ஊறப்போட்டு, மறுபடியும் காயவச்சு, அப்புறம் கத்தியால் இழை இழையா வகுந்து எடுக்கணும். ஒரு கோரையை எத்தனை இழையாக் கிழிக்கிறோமோ அத்தனைக்குப் பாய் மெலிசா வரும். அதுக்கப்புறம் சாயம். அந்தக் காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் காய்ச்சி எடுத்த சாயம். இப்போ கடைச் சாயம்.

தறின்னு சொன்னா நின்னு நெய்யுற தறி இல்லை. தரையோடு கிடக்கும். பருத்தி நூலில் பாவு ஓட்டி, ஒரு நீளக் குச்சியின் நுனியில் கோரை இழையைக் கோத்து ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் விடணும். ஒரு இழை, ஒரு இடி. அடுத்த இழை, அடுத்த இடி. நூறு கவுண்ட், நூத்திருபது கவுண்ட்னு எண் கூடக் கூடப் பாய் துணி மாதிரி ஆயிரும். அப்படிப்பட்ட பாயைக் கைக்குட்டை மாதிரி மடிச்சுச் சின்னப் பெட்டியில் வச்சிரலாம்.

இதெல்லாம் முன்னாடி யாருக்காக நெய்ஞ்சாங்க? கண்காட்சிக்காக இல்லை. கல்யாணத்துக்காக. பொண்ணு மாப்பிள்ளை பேரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே எழுத்தா நெய்ஞ்சு கொடுப்பாங்க. எங்க பக்கத்தில் சீரோடு பாய் வைக்காத கல்யாணமே கிடையாது, எந்தச் சாதி மதமா இருந்தாலும். கல்யாண வீட்டுக்காரங்க நேரா நெய்யுறவங்க வீட்டுக்கே வந்து முன்பணம் கொடுத்துட்டுப் போவாங்க. சாதாரணப் பாயைத் தோளில் சுமந்து தெருத்தெருவா விக்க ஆள் இருந்தது. யாருக்குப் போகுதுன்னு நெய்யுறவளுக்குத் தெரியும், யார் நெய்ஞ்சதுன்னு வாங்குறவங்களுக்கும் தெரியும். விலையில் பேரம் இருந்திருக்கும். ஆனா ஆள் தெரியாத வியாபாரம் இல்லை.

கைவேலையைக் காட்சிக்கு வைக்கிற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டிப் பெரிய உலகக் கண்காட்சி நடத்தினாங்க. ஐந்தரை மாசத்தில் அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தாங்க. கோகினூர் வைரமும் அங்கே இருந்தது. இந்தியாவிலிருந்து துணி, சால்வை, தந்த வேலை, யானை அம்பாரி எல்லாம் கப்பலேறிப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு 1855-ல் நம்ம சென்னையிலேயே ஒரு கண்காட்சி நடந்தது. அதுக்கு முன்னாடியே, 1850-ல், அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் சென்னையில் கலைப்பள்ளி ஒண்ணு தொடங்கியிருந்தார். இப்போ எழும்பூர்ப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரிக்கு அதுதான் வேர்.

அந்தக் காலக் கண்காட்சிகளில் பொருளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஊர்ப் பேர் இருக்கும். அனுப்பி வச்ச துரை பேரோ, நிறுவனத்தோட பேரோ இருக்கும். செஞ்சவன் பேர் இருக்கிறது அபூர்வம். மெடல் கிடைச்சா அதுவும் அனுப்பினவருக்குப் போகும்.

இதைவிட மோசமான கதை ஒண்ணு இருக்கு. 1886-ல் லண்டனில் இன்னொரு பெரிய கண்காட்சி. இந்தத் தடவை பொருள் மட்டும் போதாது, செய்யுற ஆளையும் ஜனங்க பார்க்கணும்னு நினைச்சாங்க. இந்தியாவிலிருந்து முப்பது பேருக்கு மேல் கப்பலில் கூட்டிட்டுப் போனாங்க. கம்பளம் நெய்யுறவங்க, பானை வனையுறவங்க, செம்பு வேலை செய்யுறவங்க. பரம்பரைக் கைவினைஞர்கள்னு சொல்லி உட்கார வச்சு நெய்யச் சொன்னாங்க. வந்தவங்கள்ல ரொம்பப் பேர் ஆக்ரா மத்திய சிறையில் கைதியா இருந்தப்போ அந்தத் தொழிலைக் கத்துக்கிட்டவங்க. லட்சக்கணக்கான ஜனங்க வேடிக்கை பார்த்தாங்க. விக்டோரியா மகாராணி, ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஓவியரை வச்சு அவங்களைப் படம் வரையச் சொன்னாங்க. படம் இன்னைக்கும் இருக்கு. படமா நிலைச்சாங்க. ஆனா அவங்க நெய்ஞ்ச கம்பளத்துக்கு என்ன கூலின்னு பார்க்க வந்த ஜனத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?

1902 கடைசியில் டெல்லியில் கர்சன் பிரபு ஒரு கண்காட்சி திறந்து வச்சார். ஐரோப்பியப் பாணியைக் காப்பியடிச்ச பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு கண்டிப்பா இருந்தார். அதில் ஒரு நல்லது உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்தில் மான்செஸ்டர் துணி நம்ம சந்தையில் குவிஞ்சு கிடந்தது. காட்சி மேடையில் கைவேலைக்கு மரியாதை. சந்தையில் மில் சரக்குக்கு மரியாதை. இந்த ரெட்டை வேஷம் அப்போ ஆரம்பிச்சதுதான்.

கூலியைப் பத்தி முதலில் வாய் திறந்தவங்க காந்தி ஆட்கள். 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அதை நடத்தினவர் நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனிலும் அமெரிக்காவிலும் கணக்கும் பொருளாதாரமும் படிச்சவர், கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் இருந்தார். 1936-ல் லக்னோ காங்கிரஸ் மாநாட்டில் கிராமத் தொழில்களுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்க. காந்தியே வந்து திறந்தார். நந்தலால் போஸ் அலங்காரம் செஞ்சார். கைவேலையை வேடிக்கைப் பொருளாப் பார்க்காம, வயித்துப்பாடாப் பார்த்த கண்காட்சி அது.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1952-ல் அகில இந்தியக் கைவினை வாரியம் வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் அம்மா அதுக்குத் தலைவர். நாடு முழுக்க அலைஞ்சு, அழிஞ்சு போக இருந்த தொழில்களைத் தேடிப் பிடிச்சவங்க. 1965-லிருந்து தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்போதான் செஞ்சவங்க பேர் காகிதத்தில் ஏறிச்சு. 1973-ல் தமிழ்நாட்டில் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், அதாவது உங்களுக்குத் தெரிஞ்ச பூம்புகார். 1987-ல் அரியானாவில் சூரஜ்குண்ட் மேளா. 1994-ல் டெல்லி ஹாத். அங்கே நிரந்தரக் கடைக்காரன் உட்காரக் கூடாது, செய்யுறவங்களுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்தி மாத்திக் கடை கொடுக்கணும்னு ஏற்பாடு. 1996-ல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. இப்படித்தான் நெய்யுற ஆளே கடை போடுற காலம் வந்தது. யோசிச்சுப் பார்த்தா ரொம்பப் பழசு இல்லை. என் வயசுக்குள்ள நடந்ததுதான்.

பத்தமடைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் போச்சுன்னு ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனா பெருமை வந்த அதே காலத்தில்தான் பிளாஸ்டிக் பாயும் வந்தது. கழுவலாம், காய வைக்கலாம், விலை கொள்ளை மலிவு. ஆத்தில் மணல் போன பிறகு கோரையும் குறைஞ்சுபோச்சு. இப்போ கரூர்ப் பக்கத்திலிருந்து வர்ற கோரையையும் நம்பி நெய்யுறாங்க. சின்ன வயசில் அந்தத் தெருவில் நடந்தா வீட்டுக்கு வீடு தறி இடிக்கிற சத்தம் கேட்கும். இப்போ காதைத் தீட்டிக்கிட்டுப் போகணும்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கண்காட்சிக்கு அக்கா போயிருந்தாங்க. எந்த ஊர், யார் நடத்தினதுன்னு வேண்டாம். கூடப்போக ஆள் இல்லாம நானும் போனேன். அவங்க மகன் வளைகுடாவில், மகளுக்கு அப்போ பரீட்சை. பாயை எல்லாம் மடிச்சுச் சாக்கில் கட்டிட்டோம். மழைக்காலம். ரயிலில் ஈரம் பட்டு ரெண்டு பாயில் கரும்புள்ளி விழுந்துருச்சு. நாங்க பெரிய பாய் மட்டும் கொண்டு போனோம். வந்தவங்க எல்லாம் தொட்டுப் பார்த்து "எவ்வளவு அழகு" என்றார்கள். விலையைக் கேட்டதும் பாயைக் கீழே வச்சுட்டாங்க. ஐநூறு ரூபாய்க்குள் ஏதாவது இருந்தா வாங்கியிருப்பாங்க, எங்ககிட்ட இல்லை. பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் என்ன வித்தியாசம்னு எழுதி வைக்கவும் இல்லை. கேட்டவங்களுக்கு அக்கா பதில் சொல்லக் கூச்சப்பட்டாங்க. கடைசி நாள் சாயங்காலம் ஒருத்தர் வந்து, "திரும்பத் தூக்கிட்டா போகப் போறீங்க?" என்று கேட்டுப் பாதி விலைக்கு ரெண்டு பட்டுப்பாயை வாங்கிட்டுப் போனார். ரயில் சார்ஜ், சாப்பாடு, தங்கின செலவு கழிச்சா கையில் மிச்சம் ஒண்ணுமில்லை. வர்ற வழியெல்லாம் அக்கா பேசவே இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஏவாரி சொன்ன விலையையே எழுதிருவோம்னு அவங்க மனசு போச்சு.

அக்காவோட மகள் பக்கத்தில் இருந்தாள். பி.காம். முடிச்சுட்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுறாள். கை நல்ல கை, அம்மாவை மாதிரியே நெய்வாள். ஆனா இனிமே நெய்யப் போறதில்லைன்னு சொல்லிட்டிருந்தாள். அவள்தான் கேட்டாள்: "உம்மா, இந்தப் பாய்க்கு எத்தன நாளு ஆச்சு?"

அக்கா விரல் விட்டு எண்ணினாங்க. கோரை கிழிச்சதிலிருந்து ஓரத்தில் பட்டுத்துணி வச்சுத் தைக்கிற வரைக்கும் முப்பத்தெட்டு நாள்.

கோரை, நூல், சாயம், துணி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஏவாரி கொடுக்கிறது 7,000. மிச்சம் 6,100. அதை முப்பத்தெட்டால் வகுத்தா நாளுக்கு 160 ரூபாய். மகள் போனில் கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டினாள்.

"நூறு நாள் வேலைக்குக்கூட முந்நூறுக்கு மேல கூலி அறிவிச்சிருக்காங்க உம்மா. பட்டுப்பாய் நெய்யுதவளுக்கு நூத்தறுபது. இதுக்கு நான் ஏன் தறியில உக்காரணும்?"

அக்கா, "வீட்டுல உக்காந்து செய்யுததுதானே, அதுக்கு என்ன கூலி" என்றார்கள்.

எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. ஏன்னா நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லிட்டு வர்றேன். நெல்லுக்குக் கணக்குப் பார்க்கும்போது விதை, உரம், டிராக்டர், நடவுக் கூலி எல்லாம் எழுதுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மடை திறக்கப் போன என் கூலியை எழுதினதே இல்லை. என் வீட்டுக்காரி களையெடுத்ததையும் எழுதினதில்லை. "சொந்த வயல்தானே." இப்படி நம்ம உழைப்பை நாமே ஓசியாக் கொடுத்துட்டு, அப்புறம் கட்டுப்படியாகலைன்னு சொல்லிட்டுத் திரியுறோம். 1886-ல் லண்டனில் உட்கார்ந்து நெய்ஞ்சவங்களாவது கைதியா இருந்தவங்க. நம்மளை யார் பிடிச்சு வச்சிருக்கா?

அன்னைக்கு மூணு பேரும் சேர்ந்து புதுக் கணக்குப் போட்டோம். ஒரு நாளுக்கு 350 ரூபாய். முப்பத்தெட்டு நாளுக்கு 13,300. சாமான் 900. சென்னை போய்வர்ற செலவில் ஒரு பங்கு 800. ஆக 15,000. எழுதும்போது அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, ஆளு ஓடிப் போயிரும்ப்பா." நான் சொன்னேன், "ஓடுறவங்க ஓடட்டும்க்கா. ஏழாயிரத்துக்குக் கொடுக்க ஏவாரி உள்ளூரிலேயே இருக்காரு. அதுக்கு ஏன் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறணும்?"

ஒரே அடியா வீரம் பேசவும் முடியாது. கடை வாடகை முன்பணம் கட்டணும். அதுக்காக ஒரு பட்டுப்பாயை ஏவாரிகிட்டயே கொடுத்தாச்சு. மீதி ரெண்டு சென்னைக்கு.

இப்போ ஆயத்தம் நடக்குது. மழை விட்ட நேரத்தில் எல்லாப் பாயையும் வெயில் காட்டுறோம். இந்தத் தடவை மடிக்கலை. பி.வி.சி. குழாய் வாங்கி அதில் சுத்தி, மேலே பழைய பருத்திச் சேலை, அதுக்கு மேல பிளாஸ்டிக் உறை. சின்னச் சாமான்கள் முந்நூறு ரூபாயிலிருந்து இருக்கு. ஒரு கொத்துக் கோரை, வகுந்த இழை, சாயம் போட்ட இழை, பாதி நெய்ஞ்ச துண்டு நாலையும் ஒரு தட்டில் வைக்கப் போறோம். கேட்கிறவங்களுக்கு வாயால் சொல்றதைவிடக் கண்ணால் பார்த்தா புரியும்.

அப்புறம் ஒவ்வொரு பெரிய பாயிலும் ஒரு அட்டை. ஊர், எத்தனை நாள் வேலை, நெய்தவர் பேர். முதல் ரெண்டையும் எழுத விட்டாங்க. பேர் போட மட்டும் அக்கா ஒத்துக்கவே இல்லை. "பொம்பளப் பேரை எல்லாம் எதுக்குத் தொங்க விடுதீய?" மகள்தான் பிடிவாதமா நின்னாள். "கல்யாணப் பாயில ஊரான் பேரெல்லாம் நெய்ஞ்சிருக்கியே, உன் பேரு எதுலயாவது இருக்கா?" அதுக்கு அக்காகிட்ட பதில் இல்லை. நேத்து போய்ப் பார்த்தேன். அட்டை எல்லாத்திலும் பேர் இருக்கு. அக்காவே எழுதியிருக்காங்க. எழுத்துக் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு.

மகள் நாலு நாள் லீவு சொல்லிட்டுக் கூடப் போறாள். பாய் அந்த விலைக்கு வித்தா, கடை வேலைக்கு நடுவில் ராத்திரி ஒரு மணி நேரமாவது தறியில் உட்காருவேன்னு சொல்லியிருக்காள். விக்கலைன்னா, அக்காவோட அந்த வீட்டுத் தறி நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சென்னையில் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஒரு கடைன்னு இல்லை, எந்தக் கைவினைக் கண்காட்சிக்குப் போனாலும் சரி. பாயை வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. இழை நெருக்கமா ஒரே சீரா இருக்கான்னு பாருங்க. யார் நெய்ஞ்சது, எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டு விலை அதிகம்னு தோணினா வாங்க வேண்டாம், ஒரு தப்பும் இல்லை. சின்னதா ஒரு பென்சில் பை வாங்குங்க. ஆனா கடைசி நாள் சாயங்காலம் வந்து "திரும்பத் தூக்கிட்டா போகப் போறீங்க" என்று மட்டும் கேட்காதீங்க. தூக்கிட்டுத்தான் வருவோம். இந்தத் தடவை அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம்.

தை பிறந்ததும் என்ன ஆச்சுன்னு எழுதுறேன். அதுக்குள்ள நெல்லும் பொதி கட்டியிருக்கும். அறுப்பு முடிஞ்சதும் இந்த வருஷக் கணக்கில் என் கூலியையும் வீட்டுக்காரி கூலியையும் எழுதப் போறேன். என்ன வருதுன்னு பார்ப்போம்.